சுவீடன் படையின் சுழல்துப்பாக்கிகள்: 11 மி.மீ. தோட்டாவிலிருந்து 7.5 மி.மீ.க்கு ஏன் இறங்கினார்கள்?

தேடல்மணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் பயன்படுத்திய கைத்துப்பாக்கிகளைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு கட்டுரைத் தொடர் எழுதி வருகிறேன். சுவீடனைப் பற்றிய பகுதியில் சிக்கிக்கொண்டேன்.

சுவீடன் 1871இல் ஏற்றுக்கொண்ட எம்/1871 சுழல்துப்பாக்கி 11 மி.மீ. தோட்டாவைச் சுடுவது. 1887இல் ஏற்றுக்கொண்ட எம்/1887 வெறும் 7.5 மி.மீ. தோட்டாவைச் சுடுவது. பதினாறே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய இறக்கம் எப்படி வந்தது? அதே காலத்தில் பிரிட்டிஷ் படையினர் பெரிய குண்டை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, சுவீடன் தெரிந்தே வலிமை குறைந்த ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்கு விளங்கவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பமும் உண்டு. எம்/1887 நாகான் சகோதரர்களின் வடிவமைப்பு என்கிறார்கள். ரஷ்யாவின் புகழ்பெற்ற 1895ஆம் ஆண்டு சுழல்துப்பாக்கியும் நாகான்தான். அப்படியானால் இரண்டின் தோட்டாவும் ஒன்றுதானா? ஓர் இடத்தில் இதே தோட்டாவைச் சுவிட்சர்லாந்துத் தோட்டா என்றும் எழுதியிருந்தார்கள். தோட்டாக்களை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பித்தளைக்கூடு எழுதியது:

நண்பர் தேடல்மணிக்கு வணக்கம். நல்ல கேள்வி. ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. அதை முதலில் வெளியே எடுத்து வைக்க விரும்புகிறேன். எம்/1871இன் இடத்தில் எம்/1887 வந்தது என்று நீங்கள் கொள்கிறீர்கள். அவை ஒரே மனிதனின் இடுப்பில் தொங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முன்னது குதிரைப்படைக்கு உரியது, பின்னது அதிகாரிகளின் சுழல்துப்பாக்கி. யார் கையில், எந்த வேலைக்கு என்பதைப் பார்த்தால் விட்டத்தின் கதை தானாகவே விளங்கத் தொடங்கும்.

எம்/1871க்கு முன்னால் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1860களில் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குள் நுழைந்தது பிரான்சின் லெஃபோஷே வகை. அதன் தோட்டாவை நாம் ஊசித் தோட்டா என்று சொல்லலாம். பித்தளைக் கூட்டின் அடிப்பகுதியில், பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கியின் சுத்தி மேலிருந்து இறங்கி அந்த ஊசியைத் தட்டும்போது, ஊசி கூட்டின் உள்ளே இருக்கும் வெடிப்பியை நசுக்கும், மருந்து பற்றிக்கொள்ளும். காகிதத்தில் சுற்றிய மருந்தையும் குண்டையும் தனித்தனியாக உருளைக்குள் திணித்துக்கொண்டிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரும் முன்னேற்றம். பிரெஞ்சுக் கடற்படை 1858இலேயே இந்த வகையை ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் குதிரை மேல் அமர்ந்திருப்பவனுக்கு அது தொல்லை தருவது. உருளையின் ஒவ்வோர் அறையிலும் ஊசிக்கென ஒரு சிறு வெட்டு இருக்கும். தோட்டாவைத் திருப்பி, ஊசியை அந்த வெட்டுக்குள் சரியாக அமர்த்தினால்தான் அது உள்ளே இறங்கும். ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் துப்பாக்கியுமாக, குளிரில் விறைத்த விரல்களோடு ஆறு தோட்டாக்களை அப்படிப் பொருத்துவதை எண்ணிப் பாருங்கள். அதோடு, வெளியே நீட்டியிருக்கும் ஊசி தற்செயலாகத் தட்டுப்பட்டாலும் வெடிக்கக்கூடியது. பையில் குலுங்கும் தோட்டாவுக்கு அது நல்ல குணமல்ல.

இந்த இடத்தில்தான் எம்/1871 வருகிறது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சேர்ந்த ஒகுஸ்ட் ஃபிராங்கோட் தொழிலகம் லெஃபோஷே வடிவத்தின் உடலை வைத்துக்கொண்டு, வெடிப்பியைக் கூட்டின் அடிப்பகுதியின் நடுவில் கொண்ட 11 மி.மீ. தோட்டாவுக்கு அதை ஏற்றதாக மாற்றியது. அதனால்தான் இதை லெஃபோஷே-ஃபிராங்கோட் என்று இரட்டைப் பெயரிட்டு அழைக்கிறார்கள். ஆறு அறைகள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தோட்டாவை இட வேண்டும், ஒவ்வொன்றாகவே வெற்றுக் கூட்டைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். எடை ஒரு கிலோவைத் தாண்டும். எந்தப் பக்கம் திருப்பி நுழைத்தாலும் தோட்டா உட்காரும் என்ற ஒரே மாற்றம், குதிரை வீரனுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்போது சுவீடன் காலாட்படையின் கையில் இருந்தது 1867ஆம் ஆண்டு மாதிரியான ரெமிங்டன் துப்பாக்கி. அதன் 12.17 மி.மீ. தோட்டாவில் வெடிப்புப் பசை கூட்டின் விளிம்புக்குள் பூசப்பட்டிருந்தது. அதாவது நடுவெடிப்புத் தோட்டாவில் அந்தச் சுழல்துப்பாக்கி, காலாட்படையின் நீள்துப்பாக்கியைவிட ஒரு படி முன்னால் நின்றது. கைத்துப்பாக்கியைப் படைக்கலங்களில் கடைசிப் பிள்ளையாகவே எல்லோரும் எழுதிச் செல்வதால் இந்தச் செய்தி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. உங்கள் தொடரில் இதற்கு ஓர் இடம் கொடுத்தால் மகிழ்வேன்.

11 மி.மீ. ஏன் என்பதற்கு என் கருத்து இது. குதிரைப்படை மோதலில் எதிரே வருவது மனிதன் மட்டுமல்ல, அவனைச் சுமந்துவரும் குதிரையும்தான். சில அடி தூரத்தில், ஓடும் குதிரையின் முதுகிலிருந்து, குறிபார்க்க நேரமில்லாமல் சுடும்போது, கனமான மெதுவான ஈயக்குண்டையே அக்காலத்தவர் நம்பினார்கள். கருமருந்தால் குண்டின் வேகத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது. வலிமை வேண்டுமென்றால் குண்டின் எடையைத்தான் கூட்ட வேண்டும்.

அளவுகோல் எழுதியது:

பித்தளைக்கூடு ஐயா சொன்னதை ஒட்டி, தோட்டாக் குழப்பத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பெயரை நம்பி ஏமாந்த அனுபவம் எனக்கே உண்டு என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன்: நாகான் என்பது வடிவமைத்தவர்களின் குடும்பப் பெயர், அது தோட்டாவின் பெயர் அல்ல.

லியேஜ் நகரின் எமீல் நாகான், லியோன் நாகான் சகோதரர்கள் பல நாடுகளுக்குச் சுழல்துப்பாக்கி செய்துகொடுத்தார்கள். ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய விட்டத்தைக் கேட்டது. பெல்ஜியத்துக்கு 1878இல் 9 மி.மீ. சுவீடனுக்கு 1887இல் 7.5 மி.மீ. செர்பியாவுக்கு 1891இலும், நார்வேக்கு 1893இலும் அதே 7.5 மி.மீ. ரஷ்யாவுக்கு 1895இல் 7.62 மி.மீ. வெளித்தோற்றத்தில் இவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும். உள்ளே பார்த்தால் ரஷ்யத் துப்பாக்கி தனிப்பிறவி.

ரஷ்யத் துப்பாக்கியில் சுத்தியைப் பின்னுக்கு இழுக்கும்போது உருளை முழுவதும் முன்னோக்கி நகர்ந்து குழலின் பின்வாயோடு ஒட்டிக்கொள்ளும். அதன் தோட்டாவில் குண்டு முழுவதும் கூட்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். கூட்டின் வாய் குண்டையும் தாண்டி நீண்டு குழலுக்குள் சற்றே நுழைந்து, சுடும் கணத்தில் விரிந்து, உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைத்துவிடும். வாயு வீணாகக் கசியாது. அதற்காகவே கூட்டை 38 மி.மீ. நீளத்துக்குச் செய்தார்கள். அறைகளும் ஏழு.

சுவீடனின் எம்/1887இல் இது எதுவும் கிடையாது. ஆறு அறைகள், நகராத உருளை, ஏறத்தாழ 114 மி.மீ. நீளமுள்ள குழல். தோட்டாவின் கூடு சுமார் 22.6 மி.மீ. நீளமே. விளிம்பின் விட்டம் 10.3 மி.மீ. அளவில் இருக்கும். குண்டு மற்ற சாதாரணத் தோட்டாக்களைப் போலக் கூட்டுக்கு வெளியே தலைநீட்டி இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே வைத்தால் ஒரு பள்ளி மாணவன்கூட வேறுபாட்டைச் சொல்லிவிடுவான். ஆனால் மேசையில் வைக்காமல் பெயரை மட்டும் படிப்பவர்கள் ஏமாறுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏல நிறுவனத்தின் பட்டியலில் "நாகான் தோட்டாக்கள்" என்று பார்த்து, சுவீடன் தோட்டா என்று எண்ணி என் சேகரிப்புக்காக வாங்கினேன். வந்து சேர்ந்தவை ரஷ்யத் தோட்டாக்கள். படம் இல்லாத பட்டியலை நம்பி வாங்கியது என் தவறும்கூட.

சுவிட்சர்லாந்தைப் பற்றி நீங்கள் படித்தது தவறல்ல. அந்த நாடு 1882இல் ருடால்ஃப் ஷ்மிட் வடிவமைத்த 7.5 மி.மீ. சுழல்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதன் தோட்டாவும் சுவீடன் தோட்டாவும் கூட்டின் நீளத்திலும் விளிம்பின் விட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் அறையில் மற்றொன்று பெரும்பாலும் அமர்ந்துவிடும். ஆனால் குண்டின் பருமனில் சிறு வேறுபாடு சொல்லப்படுகிறது. 7.5 என்பது குழலுக்குள் இருக்கும் வரிமேடுகளுக்கு இடைப்பட்ட அளவு. குண்டின் உண்மையான விட்டம் இரண்டிலுமே 8 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். பழைய ஈயக்குண்டைப் பொறுத்தவரை இந்த மயிரிழை வேறுபாடு குறிதப்புவதற்குப் போதுமானது.

மூன்றாவதாக ஒரு தவறான வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் தோட்டா எளிதில் கிடைக்கிறது என்பதால், அதை எம்/1887இல் போட்டுச் சுடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். உள்ளே இறங்கும் என்பது உண்மை. ஆனால் அதன் கூட்டின் அடிப்பகுதி சுமார் 8.6 மி.மீ., சுவீடன் தோட்டாவினுடையதோ 8.9 மி.மீ.யை நெருங்குவது. தளர்வான அறையில் வெடிக்கும் பித்தளை வீங்கும், பிளக்கவும் கூடும். நூறு ஆண்டுகளைக் கடந்த, கருமருந்தின் மெல்லிய அழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட உருக்கின் மேல் இந்தச் சோதனை தேவையே இல்லை.

தேடல்மணி எழுதியது:

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. ரஷ்யத் தோட்டாவையும் சுவீடன் தோட்டாவையும் ஒரே வரிசையில் எழுதி வைத்திருந்தேன், உடனே திருத்திவிட்டேன்.

குதிரைப்படைக்கு 11 மி.மீ. ஏன் என்பது புரிந்தது. அதிகாரிக்கு 7.5 மி.மீ. ஏன் என்பது இன்னும் முழுமையாகப் புரியவில்லை. அதிகாரியின் உயிர் மட்டும் குறைந்த வலிமையுள்ள குண்டை நம்பி இருக்கலாமா? எவ்வளவு வலிமை குறைவு என்பதை எண்ணிக்கையில் சொல்ல முடியுமா?

வடகடல் எழுதியது:

நான் ஓஸ்லோவில் நீண்ட காலமாக வசிப்பவன். அருகில் இருந்த நார்வேயின் கதையைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஐயம் தெளியும் என்று நினைக்கிறேன். 1905 வரை சுவீடனும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்தன, ஆனால் படைகள் தனித்தனி. நார்வே 1864இல் 11 மி.மீ. லெஃபோஷே ஊசித் தோட்டாத் துப்பாக்கியை ஏற்றது. 1883இல் 9 மி.மீ. நாகானுக்கு இறங்கியது, 1893இல் சுவீடனைப் போலவே 7.5 மி.மீ.க்கு வந்தது. சுவீடன் ஒரே தாவலில் செய்ததை நார்வே இரண்டு படிகளில் செய்தது. சுவிட்சர்லாந்து இவர்கள் இருவருக்கும் முன்பே 10.4 மி.மீ.யிலிருந்து 7.5 மி.மீ.க்கு வந்துவிட்டது. பிரான்சு 1892இல் 11 மி.மீ.யை விட்டு 8 மி.மீ.க்கு வந்தது. ஆகவே இது ஒரு நாட்டின் விபரீத முடிவு அல்ல. ஐரோப்பா முழுவதும் ஓடிய ஒரு நீரோட்டம்.

எண்ணிக்கை கேட்டீர்கள். 7.5 மி.மீ. குண்டின் எடை ஏறத்தாழ 6.7 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 220 மீட்டர். இதிலிருந்து கணக்கிட்டால் ஆற்றல் 160 ஜூல் அளவில் வரும். இது உண்மையிலேயே குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் துப்பாக்கியின் எடை முக்கால் கிலோவைச் சற்றே தாண்டுவது. உதைப்பு மிகவும் மென்மையானது. அக்கால அதிகாரி தன் கையால் எதிரிகளைச் சுட்டு வீழ்த்துவதற்காகப் போர்க்களத்தில் நிற்பவர் அல்லர், படையை நடத்துபவர். இடுப்பில் நாள் முழுவதும் சுமக்க வேண்டிய, என்றோ ஒரு நாள் மிக அருகில் வந்துவிட்ட எதிரியின் மேல் மட்டும் பயன்படப்போகிற ஒரு கருவியில், பயிற்சி குறைந்த கையும் குறிவைத்து அடிக்க முடியும் என்பது குண்டின் பருமனைவிடப் பெரிதாகத் தோன்றியிருக்க வேண்டும். இது என் ஊகம் என்றாலும், ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை நாடுகள் அதே திசையில் நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டிஷ் படையோடு ஒப்பிட்டீர்கள். அவர்களுடைய துப்பாக்கிகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் குடியேற்றப் போர்களில் இடைவிடாமல் பயன்பட்டன; நேருக்கு நேர் கைகலப்பே அங்கே அவர்களுடைய அனுபவமாக இருந்தது. சுவீடனோ 1814க்குப் பிறகு எந்தப் போரிலும் இறங்கவில்லை. போர் செய்யாத படை தன் சுழல்துப்பாக்கியைச் சுடுதளத்தில் வைத்துத்தான் மதிப்பிடும். சுடுதளத்தில் எம்/1887 மிக நல்ல துப்பாக்கி.

பித்தளைக்கூடு எழுதியது:

வடகடல் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு சிறு திருத்தம் மட்டும்: அந்த நீரோட்டத்தை மென்மையின் மேல் உள்ள விருப்பம் என்று மட்டும் பார்த்தால் போதாது. சிறிய விட்டம் என்ற எண்ணமே அப்போது நீள்துப்பாக்கிகளில் வெற்றிக்கொடி நாட்டிக்கொண்டிருந்தது. 1886இல் பிரான்சு புகையற்ற மருந்தைப் பயன்படுத்தும் 8 மி.மீ. துப்பாக்கியை வெளியிட்டது. சுவீடனும் நார்வேயும் 12 மி.மீ.யிலும் 10 மி.மீ.யிலும் இருந்து கடைசியில் இருவருக்கும் பொதுவான 6.5 மி.மீ. தோட்டாவுக்கு 1890களில் வந்து சேர்ந்தன. சிறிய குண்டு என்றால் புதுமை, பெரிய குண்டு என்றால் பழமை என்ற மனநிலை அதிகாரிகளிடையே பரவியிருந்த காலம் அது.

ஆனால் ஒரு வேறுபாட்டை அவர்கள் போதிய அளவு எடைபோடவில்லை என்றே எண்ணுகிறேன். நீள்துப்பாக்கியில் விட்டம் குறைந்தபோது, புதிய மருந்து வேகத்தை மிக உயர்த்தி அந்த இழப்பை ஈடுகட்டியது. எம்/1887 தோட்டாவோ தொடக்கத்தில் கருமருந்தோடுதான் வந்தது. விட்டம் குறைந்தது, ஈடுகட்ட வேகம் வரவில்லை. நீள்துப்பாக்கியின் பாடத்தைக் கைத்துப்பாக்கிக்குப் பாதி மட்டும் பொருத்தினார்கள். நான் இந்தத் துப்பாக்கியை மிகவும் மதிக்கிறேன். அதன் நாகான் பொறியமைப்பு நேர்த்தியானது, பிரித்துத் துடைப்பதற்கு எளிதானது. குறை அதன் தோட்டாவில்தான் இருக்கிறது.

அந்தக் குறையைச் சுவீடன் தாமே திருத்திக்கொண்டதற்கான சான்று 1907இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு ஏற்றுக்கொண்ட எம்/1907 பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி 9 மி.மீ. பிரௌனிங் லாங் தோட்டாவைச் சுடுவது. குண்டு 7.1 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 335 மீட்டர். ஆற்றல் 400 ஜூல் அளவில். குண்டின் எடை ஏறத்தாழ மாறவே இல்லை, ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல். இருபது ஆண்டுகளுக்கு முன் வராமல் போன வேகம் அப்போதுதான் வந்தது.

அளவுகோல் எழுதியது:

தோட்டாவின் மருந்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய துப்பாக்கிகளின் குழலுக்குள் பள்ளம் பள்ளமாக அரிப்பு இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அதிகம் சுட்டதல்ல. சுட்டபின் துடைக்காமல் விட்டதுதான். கருமருந்து எரிந்தபின் தங்கும் உப்புக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் மட்டும் தடவினால் அது போகாது. முதலில் வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகே எண்ணெய் பூச வேண்டும். அக்கால வெடிப்பிகளில் இருந்த பாதரசச் சேர்மம் பித்தளையையும் நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். அதனால் அந்தக் காலத்துக் கூடுகளைக் காட்சிக்கு வைக்கலாமே தவிர, மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது கூடாது. ஈயக்குண்டின் மேல் வெண்பொடி படிந்த தோட்டா யாரிடமாவது இருந்தால், அதை வெட்டிப் பார்க்கும் ஆவல் வேண்டாம். நூறாண்டு கடந்தாலும் கருமருந்து கருமருந்துதான்.

தேடல்மணி எழுதியது:

இப்போது தெளிவாகிவிட்டது. நாடுவாரியாக எழுதியிருந்த அட்டவணையைத் தோட்டாவாரியாக மாற்றி எழுதப்போகிறேன்; அப்படி எழுதும்போதுதான் நார்வே, சுவிட்சர்லாந்து, செர்பியா எல்லாம் சுவீடனுக்கு அருகில் வந்து அமர்கின்றன, ரஷ்யா தள்ளிப்போகிறது.

கடைசியாக ஒரு சிறு ஐயம். என்னிடம் உள்ள ஒரு படத்தில் எம்/1887 துப்பாக்கியைச் செய்தவர் ஹுஸ்க்வர்னா என்று இருக்கிறது. இன்னொன்றில் நாகான் என்று இருக்கிறது. இரண்டில் எது சரி?

பித்தளைக்கூடு எழுதியது:

இரண்டும் சரி. முதல் தொகுதி லியேஜிலிருந்தே வந்தது. 1897 முதல் சுவீடனிலேயே ஹுஸ்க்வர்னா தொழிலகம் செய்யத் தொடங்கியது. வெட்டர்ன் ஏரியின் தென்கரையில், யோன்ஷொப்பிங் நகருக்கு அருகில், 1689இல் அரசின் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. நம்மில் பலர் மரம் அறுக்கும் இயந்திரத்தின் மேல்தான் அந்தப் பெயரைப் பார்த்திருப்போம். எம்/1871இலும் ஒரு பகுதியை அவர்கள் செய்திருக்கிறார்கள். லியேஜில் செய்தவற்றில் அந்நகரின் சோதனைக்கூட முத்திரை, அதாவது நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று ரோமன் எழுத்துகள், இருக்கிறதா என்று பாருங்கள்; 1893 முதல் அதன் மேல் ஒரு மகுடமும் சேர்ந்தது.

எம்/1887 என்பதில் உள்ள ஆண்டு, படை அதை ஏற்றுக்கொண்ட ஆண்டு. அது செய்யப்பட்ட ஆண்டு அல்ல. இதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சேகரிப்பவர்களுக்கு இது வெறும் தகவல் அல்ல. அமெரிக்கச் சட்டத்தில் 1898ஆம் ஆண்டு முடிய செய்யப்பட்டது பழம்பொருள். 1899இல் செய்யப்பட்டது துப்பாக்கி. ஹுஸ்க்வர்னாவின் பட்டறையிலிருந்து சில மாத இடைவெளியில் வெளியே வந்த, ஒரே தோட்டாவைச் சுடும், ஒரே வடிவமுள்ள இரண்டு எம்/1887கள் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. சுவீடனின் சட்டமோ 1890க்கு முன் செய்யப்பட்டதா என்பதோடு நிற்காமல், மருந்தும் குண்டும் வெடிப்பியும் ஒரே கூட்டில் அடங்கி, வாயு பின்பக்கமாகக் கசியாத முழுத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டதா என்றும் கேட்கிறது; அந்தக் கேள்வியால் எம்/1871கூடப் பழம்பொருளாகத் தேறாது.